ஒன்று, ஒன்று, ஒன்று

காலியாக வந்தால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.
அதுதான் வம்பு.
ஜாக்கி வைத்துத் தூக்கி ஆக்சிலேட்டரைத் திருகினால்
பின்சக்கரம் இரண்டும் பட்டுப்போல் சுற்றுகின்றன.
அடைக்கலமேரி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.
"இங்க வந்தா நல்ல பிள்ளையாட்டம் நிக்கும்.
கண்டனூர் ஊருணி மேட்டுல
பத்து மூட்டையோட ஏறச் சொல்லிப் பாரு."

இது மூன்றாம் தடவை.

முதல் தடவை உண்மையிலேயே வெந்திருந்தது கன்ட்ரோலர்.
சாவி போடாமல் தள்ளினாலும் சக்கரம் முரண்டு பிடித்தது.
மூடியைத் திறந்தால் கருகல் வாடை,
மாஸ்ஃபெட் ஒன்று பொரிகடலையாய் வெடித்து.
மாற்றினேன். ஆறாயிரத்து இருநூறு.
இரண்டாம் தடவை எதுவும் கருகவில்லை.
இருந்தும் மாற்றினேன்.
மாற்றத் தெரியும், அதனால்.

இன்றைக்கு மீட்டரை எடுத்தேன்.
மூன்று தடித்த வயர்கள், மஞ்சள் பச்சை நீலம்,
மூன்றும் ஒரே கணக்கைச் சொல்லின. சரி.
ஆக்சிலேட்டர், கை வைக்காதபோது முக்கால் வோல்ட்டும் கொஞ்சமும்,
முழுக்கத் திருகினால் நான்கைத் தாண்டி. சரி.
பிரேக் சுவிட்ச் சரி. பேட்டரி சரி.
ஐந்தாவது 'சரி'யில் அவள் சிரித்துவிட்டாள்.
நல்ல சிரிப்பு இல்லை.

மூட்டையோடு வரச் சொன்னேன்.

மதியம் புதுவயல் மில்லிலிருந்து வந்தாள்,
பத்து மூட்டை புழுங்கல், புருவமெல்லாம் தவிடு,
மடியில் விடாமல் அடிக்கும் போன்.
செம்மண்ணில் முதுகு வைத்து அடியில் நுழைந்தேன்.

மோட்டாருக்குள் மூன்று சென்சார்கள்.
காந்தத்தின் ஒரு முனைக்கு ஒன்று, மறு முனைக்குப் பூஜ்யம்.
மூவர் சொல்வதைக் கேட்டுத்தான்
சக்கரம் எந்த இடத்தில் என்று கன்ட்ரோலருக்குத் தெரியும்,
அதற்குக் கண் கிடையாது.
மூவரும் ஒருசேரப் பூஜ்யம் என்பதில்லை,
ஒருசேர ஒன்று என்பதும் இல்லை.
மூவரும் ஒத்துப்போனால்
யாரோ பொய் சொல்கிறார்கள்,
அல்லது யாருமே பேசவில்லை.

பக்கத்துக் கடைப் பையன்கள் இருவர் தள்ள
வண்டி விரல் விரலாக நகர்ந்தது.
மீட்டரில் ஐந்து. அடுத்த வயரில் ஐந்து.
அதற்கடுத்ததிலும்.
தள்ளத் தள்ள ஐந்து.
ஒன்று, ஒன்று, ஒன்று.

கறுப்பு வயர்.
பாரத்தில் பட்டை வில் நிமிர்ந்து நீளும்போது
கூட நீள இடமில்லாமல்
உறைக்குள்ளேயே அறுந்திருந்தது.
மேல்தோல் முழுசு.
பாரம் இறங்கினால் முனைகள் தொட்டுக்கொள்ளும்,
வண்டி நல்ல பிள்ளையாகும்.

இறுக்கிக் கட்டியிருந்த டை வெள்ளை நிறம்.
கம்பெனியில் போட்டதெல்லாம் கறுப்பு.
வெள்ளை என் கடையில்தான், பாக்கெட்டுக்கு நூறு.
முதல் தடவை, பார்க்க நேர்த்தியாக இருக்கட்டுமே என்று
இழுத்துக் கட்டி வாலையும் வெட்டியிருந்தேன்.

இன்னும் கொஞ்ச நேரம் அடியிலேயே கிடந்தேன்.
அவள் செருப்பு தெரிந்தது, ஒரு வார் கம்பி போட்டு முறுக்கியது.
புரியாதபோது அந்தப் பெட்டி நின்றிருக்கிறது,
மேட்டில், மூட்டையோடு, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க.
புரியாதபோது நான் பில் போட்டேன்.

எலி கடித்தது என்று சொல்லியிருக்கலாம்.
அரிசி வண்டி. நம்பியிருப்பாள்.
"கட்டினது நான்தான்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "ரெண்டாவது தடவ கழட்டின பொட்டி எங்க?"
அலமாரியில் இருந்தது. ஒரு கீறல் இல்லை.
யாருக்காவது விற்கலாம் என்று
துணியால் துடைத்து வைத்திருந்தேன்.

ஒரு சாண் புது வயர், ஈயப் பற்று,
ஒரு சுருள் தளர்ச்சி. இருபது நிமிஷ வேலை.
பெட்டியை மூட்டைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டாள்.
"மிச்சத்தச் சனிக்கிழமைக்குள்ள குடுத்துரு."

மேடு தெரியும் இடம்வரை பின்னால் நடந்து போனேன்.
ஏறினாள். வண்டி நிற்கவில்லை.
அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.